ஜிம்மி ஓடிப்போச்சுன்னாங்க

"நாய்க்கு எதுக்குடா ட்ரைனிங்கு? தோட்டத்துல யாரு நாயப் பழக்குனா? அதுவா பழகிக்கிச்சு." இத எங்கம்மா நாலு மாசமா ஒரு நாளைக்கு மூணு தடவையாச்சும் சொல்லிடுறாங்க. காலையில கோப்பி கலக்கும்போது ஒண்ணு, மத்தியானம் நான் போன்ல வீடியோ ஓடவிட்டுட்டு நாய்க்குட்டி முன்னாடி குந்தியிருக்கும்போது ஒண்ணு, ராத்திரி கால் மிதிய அலசிக் காயப்போடும்போது ஒண்ணு. அம்மா மட்டும் இல்ல, எங்க ஊரு சாப்பாட்டுக் கடையில ரொட்டி சானாயப் பிச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற எந்தப் பெரியவரக் கேட்டாலும் இதத்தான் சொல்வாரு. இதுல சிக்கல் என்னன்னா நானும் அதத்தான் நம்பிக்கிட்டு இருந்தேன். வாய் விட்டு சொன்னதும் இல்ல, மறுத்ததும் இல்ல, உள்ளுக்குள்ள அப்படியே கெடந்துச்சு. போன மாசம் வரைக்கும்.

நான் நம்புனதுக்குக் காரணம் மணிங்கிற நாய். நாங்க அப்ப ரப்பர் தோட்டத்துல லயத்து வீட்டுல இருந்தோம், எனக்கு ஏழு எட்டு வயசு இருக்கும். மணி வெள்ளையும் இல்லாம சாம்பலும் இல்லாம ஒரு நிறம், ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும். அம்மா விடிகாலை நாலு மணிக்கு எந்திரிச்சா அதுவும் எந்திரிக்கும். விடியக்காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு அம்மாவோட போகும், அங்கயிருந்து பால்காட்டுக்குப் போகும், அம்மா தன் நெரையில ரப்பர் மரத்துல பால் வெட்டி முடிக்கிற வரைக்கும் வாளி வெச்ச எடத்துல படுத்திருக்கும். குசினிக்குள்ள கால் வைக்காது. கோழி அது மூக்குக்கு முன்னாடி மேஞ்சாலும் கண்ண மூடிக்கும். யாரும் ஒரு வார்த்த சொல்லிக் குடுத்ததா எனக்கு ஞாபகம் இல்ல. எம் மகளுக்கு ராத்திரி கதை சொல்றப்ப மணி கதைதான் அதிகம் சொல்லியிருக்கேன், சொல்லச் சொல்ல மணி இன்னும் நல்ல நாயாயிக்கிட்டே போச்சுன்னுதான் இப்ப தோணுது.

இப்ப நாங்க இருக்கிறது தாமான்ல, வரிசை வீட்டுக் குடியிருப்புல. ஊரு மலேசியாவுல சிலாங்கூர்ல, போர்டுல பெஸ்தாரி ஜெயான்னு இருக்கும், 2007ல பேர மாத்திட்டாங்க, ஆனா எங்களுக்கு இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான். கார்னர் லாட்டு, பின்னாடி கொஞ்சம் மண்ணு, ஒரு கருவேப்பில மரம், அம்மாவோட கோழிக் கூடு, அதுக்கு அந்தாண்ட சாக்கடை, சாக்கடைக்கு அந்தாண்ட எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம். செம்பனைன்னா சும்மா இல்ல, 1917ல மலாயாவுலயே மொதமொதல்ல வியாபாரத்துக்குன்னு செம்பனை நட்டது நம்ம பக்கத்துல இருக்கிற தென்னமரம் தோட்டத்துலதான். நாய் வளக்கிறதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, ஊர்ப் பெருமை, சொல்லாம இருக்க முடியல.

குட்டிய குடுத்தது மோட்டர் பட்டறை தவுக்கே, அதான் முதலாளி. அவரு பட்டறையில ஒரு நாய் ஆறு குட்டி போட்டுச்சு. டயருக்கு நடுவுல ஒரு கறுப்புக் குட்டி மட்டும் தனியா உக்காந்து என் ஸ்லிப்பரக் கடிச்சுக்கிட்டு இருந்துச்சு. மக அன்னைக்கு கூட வந்திருந்தா, அப்புறம் என்ன. எட்டு வாரம் தாய்கிட்ட இருக்கணும்னு இப்பத்தான் தெரியும், அப்ப ஏழு வாரம்கூட முழுசா ஆகல. மக கோப்பின்னு பேரு வெச்சா. அதுல பாருங்க, அம்மா காலையில "கோப்பி வேணுமாப்பா?"ன்னு என்னக் கேட்டா குட்டி ஓடி வந்து வால ஆட்டிக்கிட்டு நிக்கும். ஒண்ணும் கெடைக்காது. ரெண்டு வாரத்துல அது பேரக் கேட்டா திரும்பிக்கூட பாக்கறத நிறுத்திடுச்சு. பேர ஆயிரம் தடவ சும்மாச் சும்மா சொன்னா அது வெறும் சத்தமாயிடும்ங்கிறத நான் அப்படித்தான் கத்துக்கிட்டேன். இப்ப வீட்டுல குடிக்கிற கோப்பிய 'தண்ணி'ன்னு சொல்றோம்.

கால் மிதி

மொத ஆறு வாரமும் ஒரே மூத்திரக் கதைதான். ஹால்ல தரை பூரா டைல்ஸ் கெடக்க, குட்டிக்கு கால் மிதிதான் வேணும். வாசல்ல இருக்கிறது, குளியலறை முன்னாடி இருக்கிறது, சாமி ரூம்பு வாசல்ல இருக்கிறது. சாமி ரூம்பு வாசல்ல போனப்ப அம்மா ரெண்டு நாள் யாரோடவும் பேசல. குட்டிக்கு உறிஞ்சுற மாதிரி மெத்துனு இருக்கிற எடம்தான் கால்ல படணும், அதுக்கு சாமி ரூம்பும் ஒண்ணுதான் கக்கூசும் ஒண்ணுதான்னு சொன்னா யாரு கேக்கறா.

நான் என்ன பண்ணேன்னா, எல்லாரும் பண்றதத்தான். வேல முடிஞ்சு வந்து பாக்கறேன், மிதி ஈரமா இருக்கு, குட்டியத் தூக்கிட்டுப் போயி மூக்க அதுல அமுக்கி "இது என்ன? இது என்ன?"ன்னு கேட்டுட்டு, பேப்பரச் சுருட்டி முதுகுல ஒண்ணு. பலமா இல்ல. பலமா இல்லன்னு எழுதறப்பவே எனக்குப் புரியுது இத யாருகிட்ட சொல்லிக்கிட்டு இருக்கேன்னு. ரெண்டு வாரம் இப்படி. அதுக்கப்புறம் மிதி காய ஆரம்பிச்சுச்சு. ஆஹா பழகிடுச்சுன்னு வீட்டுல சொல்லி பெருமப்பட்டேன். மூணு நாள் கழிச்சு ஹால்ல ஒரு நாத்தம், எங்கன்னு தேடி சோபாவ இழுத்துப் பாத்தா அதுக்குப் பின்னாடி சுவரோரமா மஞ்சளா கெடக்கு, ஒரு தடவ போனது இல்ல, பல தடவ. அது நிறுத்தல, ஒளிஞ்சுபோயி பண்ணக் கத்துக்கிட்டு இருந்திருக்கு. அதவிட மோசம், நான் வெளிய கூட்டிட்டுப் போயி நிப்பாட்டினா எனக்கு முன்னாடி போகவே போகாது. அரமணி நேரம் கருவேப்பில மரத்தடியில கொசுக்கடி வாங்கிட்டு நிப்பேன், அது என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கும், உள்ள வந்து நான் திரும்புன மறு நிமிஷம் சோபாவுக்குப் பின்னாடி.

ரவாங்ல இருக்கிற விலங்கு டாக்டர்கிட்ட ரெண்டாவது ஊசிக்குப் போனப்ப இதச் சொன்னேன். அந்தம்மா சிரிக்கல, திட்டவும் இல்ல. நீ அதுக்குச் சொல்லிக் குடுத்த பாடம் "வீட்டுக்குள்ள போகாதே" இல்ல, "இந்த ஆளு முன்னாடி போகாதே"ன்னாங்க. நாய் ஒண்ண பண்ணி, அடுத்த ஒரு செகண்டு ரெண்டு செகண்டுக்குள்ள என்ன நடக்குதோ அததான் சேத்து முடிச்சுப் போடும், மூணு மணி நேரத்துக்கு முன்னாடி பண்ணதுக்கு இப்ப அடிச்சா அது முடிச்சுப் போடறது உன் கையோடயும் நீ கதவத் தொறக்கிற சத்தத்தோடயும்னாங்க. அப்புறம் வழக்கமா சொல்றதுதான்: தூங்கி எந்திரிச்ச ஒடனே, சாப்பிட்டு பத்துப் பதினஞ்சு நிமிஷத்துல, வெளையாடி முடிச்ச ஒடனே, மத்த நேரத்துல ரெண்டு மணிக்கு ஒருக்கா, ஒரே எடத்துக்குக் கூட்டிட்டுப் போ, போனா அந்த செகண்டே ஒரு துண்டு ஏதாவது வாயில குடு, வீட்டுக்குள்ள வந்து குடுத்தா அது வீட்டுக்குள்ள வந்ததுக்குக் கூலி. நான் வேகவெச்ச கோழி ஈரல சுண்டு விரல் நகம் அளவுக்கு வெட்டி டப்பாவுல வெச்சுக்கிட்டேன். மிதி எல்லாத்தையும் சுருட்டி ஸ்டோர்ல போட்டாச்சு. சோபாவுக்குப் பின்னாடி மொதல்ல பினாயில் போட்டேன், நமக்கு நாத்தம் போச்சு, அதுக்குப் போகல. அப்புறம் சூக்காத் தண்ணி, அதான் வினிகர், ஊத்தித் தொடச்சு, மறுபடி நாய் மூத்திரத்துக்குன்னே விக்கிற மருந்த வாங்கி ஊற வெச்சு, அப்பதான் அந்த மூலைய விட்டுச்சு.

இந்த நேரத்துலதான் அந்த மூஞ்சி விஷயமும் வந்துச்சு. எல்லாருக்கும் தெரியும் அந்த மூஞ்சி. காத பின்னால மடிச்சு, தலையத் தொங்கப் போட்டு, கண்ண ஓரமா வெச்சு, வாலச் சுருட்டிக்கிட்டு. "பாரு, தப்பு பண்ணிட்டோம்னு அதுக்கே தெரியுது"ன்னு சொல்லாத ஆளே இல்ல. நான் அடிச்சதுக்கும் அதுதான் சாக்கு, அதுக்குத் தெரியாம இருந்தா அடிச்சிருக்க மாட்டேன்ங்கிற மாதிரி. ராத்திரி தூக்கம் வராம போன்ல மேஞ்சுக்கிட்டு இருந்தப்ப ஒரு ஆராய்ச்சி கண்ணுல பட்டுச்சு. நியூயார்க்ல அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ்னு ஒருத்தங்க, 2009ல வந்தது. 14 நாய், அதுங்களோட சொந்தக்காரங்க. நாய் முன்னாடி தின்பண்டம் ஒண்ண வெச்சு, தொடாதேன்னு சொல்லிட்டு சொந்தக்காரரு ரூம்ப விட்டு வெளிய போயிடணும். திரும்பி வர்றப்ப நாய் தின்னுடுச்சா இல்லையான்னு அவருகிட்ட சொல்வாங்க, சில தடவ வேணும்னே மாத்திச் சொல்வாங்க. தின்னுடுச்சுன்னு நெனச்சவரு வந்து திட்டுவாரு. அந்தத் தப்புப் பண்ண மூஞ்சி எந்த நாய்க்கு வந்துச்சுன்னா, திட்டு வாங்குன நாய்க்கு. தின்னுச்சா தின்னலையாங்கிறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. தின்னாம சும்மா இருந்துட்டு திட்டு வாங்குன நாய்க்குத்தான் அது இன்னும் அதிகமா வந்திருக்கு.

மறுநாள் பசியாறும்போது அம்மாகிட்ட இத முழுசா சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு, "வெள்ளக்காரனுக்கு நாயப் பத்தி என்ன தெரியும்? தப்பு பண்ண நாய் மூஞ்சி எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியாதா?"ன்னு தோசையத் திருப்பிப் போட்டாங்க.

கேட்டு

கால் மிதி பிரச்சனை வீட்டோட போயிடும். வாசல் கேட்டுப் பிரச்சனை அப்படி இல்ல. எங்க வரிசையில பாதி மலாய்க்காரங்க வீடு. பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்ல அத்தைன்னு கூப்புடற மாதிரி) எங்கம்மாவோட சிநேகிதி, ஹரி ராயா பெருநாளுக்கு மூங்கில்ல சுட்ட லெமாங் சோறு வரும், தீபாவளிக்கு முறுக்கு போகும், அது இருபது வருஷப் பழக்கம். குட்டி வந்தப்ப அவங்க ஒரு வார்த்த சொல்லல. ஒரு நாள் சாயங்காலம் மக்சிக் சூராவுக்குத் தொழப் போக, தொழுகைக்குப் போடுற வெள்ளை தெலெக்கோங் அங்கியோட வெளிய வர்றாங்க, நான் கார உள்ள விட கேட்டத் தொறக்கறேன், கோப்பி நேரா ஓடிப் போயி மூஞ்சிய அந்த வெள்ளைத் துணியில பதிச்சுடுச்சு. தண்ணி குடிச்சுட்டு வந்த மூஞ்சி. அவங்களுக்கு நாயோட எச்சில் பட்டா சும்மா தொடச்சுட்டுப் போக முடியாது, பட்ட எடத்த ஏழு தடவ கழுவணும், அதுல ஒரு தடவ மண்ணு கலந்த தண்ணியில. தொழுகைக்கு நேரம் ஆயிக்கிட்டு இருக்கு. மக்சிக் கோவப்படல, "தாப்பே, தாப்பே லா", பரவாயில்லன்னு சொல்லிட்டுத் திரும்பி வீட்டுக்குள்ள போனாங்க. வெளிக் குழாய் தண்ணி ஓடுற சத்தம் எங்க வீட்டு ஹாலுக்குக் கேட்டுச்சு. ரொம்ப நேரம் ஓடுச்சு.

திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும். நான் மறுநாள் சாரி சொல்லப் போனப்பகூட அவங்க குட்டி நல்லா சாப்பிடுதான்னுதான் கேட்டாங்க. அன்னையிலருந்து இருபது நாள், தெனம் ரெண்டு வேளை, கேட்டுப் பாடம்தான். கயிறப் போட்டு கேட்டுக்கு முன்னாடி நிப்பேன், கைய கேட்டுல வைப்பேன், அது எந்திரிச்சா கைய எடுத்துடுவேன், உக்காந்தா மறுபடி வைப்பேன். கேட்டு ஒரு ஜாண் தொறக்கும், அது முன்னால நகந்தா கேட்டு மூடிக்கும். கத்தறது இல்ல, இழுக்கறது இல்ல. கேட்டு தொறக்கணும்னா நீ உக்காந்திருக்கணும், அவ்வளவுதான் ஒப்பந்தம். மூணாவது நாளே அதுக்குப் புரிஞ்சுடுச்சு, மிச்ச பதினேழு நாளும் எங்களுக்கு. நான் 'உக்காரு'ம்பேன், மக 'சிட்'டும்பா, வீட்டுக்காரி 'ஏய் இரு இரு'ம்பாங்க, அம்மா 'ச்சூ'ம்பாங்க. ஒரு வீட்டுல நாலு பாஷை. குளிர்பெட்டி மேல தாள் ஒட்டி 'உக்காரு', 'வா', 'விடு' மூணே வார்த்தைன்னு எழுதி வெச்சோம், அம்மா மட்டும் இன்னும் 'ச்சூ'தான், நாய் அதையும் கத்துக்கிச்சு.

இதுல 'விடு'ங்கிறதுக்கு மட்டும் அம்மா எதிர்ப்பு சொல்லல. செம்பனையில எலிக்கு வைக்கிற மருந்து மெழுகுக்கட்டி மாதிரி மரத்தடியில கெடக்கும், அதுல பலதும் ரத்தம் ஒறையாமப் பண்ற வகை, தின்னுட்டு அன்னைக்கே ஒண்ணும் தெரியாது, ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் மூக்குல ஈறுலன்னு ரத்தம் வரும். மருந்து தின்ன எலியத் தின்னாலும் ஆபத்துதான். அம்மா அப்படிப் போன நாய்ங்களப் பாத்தவங்க. வாயில இருக்கிறதப் புடுங்கப் போனா அது முழுங்கிடும், அதனால அதவிட ருசியா ஒண்ணக் காட்டி மாத்திக்கணும்னு நான் ஈரலக் காட்டுனப்ப அம்மாதான் நெத்திலிய உப்புப் போக ஊறவெச்சுக் குடுத்து "இதக் காட்டு, இதுக்கு விடும்"னாங்க. விட்டுச்சு.

கோழி

போன மாசம் ஒரு ஞாயித்துக்கெழம. அம்மா கோழியக் கூட்டுலருந்து மேய விட்டிருக்காங்க, பின்கதவு சரியா சாத்தல, யாரு சாத்தலங்கிறது இப்ப வரைக்கும் வழக்குல இருக்கு. றெக்க அடிக்கிற சத்தம் கேட்டு நான் போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. செவப்புப் பெட்டை ஒண்ணு, முட்டை வெச்சுக்கிட்டு இருந்தது, கழுத்து தொவண்டு கெடக்கு, கோப்பி அத மூக்கால தள்ளித் தள்ளிப் பாக்குது, ஏன் ஓட மாட்டேங்குதுங்கிற மாதிரி. நான் ஒண்ணும் சொல்லல, சொல்ல ஒண்ணும் இல்ல, கோழிய எடுத்து வெச்சுட்டு நாயக் கட்டிப் போட்டேன்.

அன்னைக்கு சாயங்காலம் அம்மா பின்வாசப்படியில உக்காந்து தட்டுல நெத்திலியப் போட்டு தலைய கிள்ளிக்கிட்டு இருந்தாங்க. நான் பக்கத்துல உக்காந்தேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் அவங்களா, தட்டுலருந்து கண்ண எடுக்காம, "ஜிம்மியும் இப்படித்தான்"னாங்க.

"எந்த ஜிம்மி? ஓடிப்போச்சே, செவலை, அதா?"

"ஓடிப்போகல. ஒங்கப்பா கொண்டு போயி விட்டுட்டு வந்தாரு."

எனக்கு ஜிம்மிய நல்லா ஞாபகம் இருக்கு. ஆறு வயசு எனக்கு. முன்னங்கால் ரெண்டும் வெள்ளை, சாக்ஸ் போட்ட மாதிரி. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தா காணோம், ஓடிப்போச்சுன்னாங்க. லயத்துக்குப் பின்னாடி பால்மரக்காட்டு ஓரம் வரைக்கும் போயி பேரச் சொல்லிக் கூப்புட்டிருக்கேன், ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல. அம்மா அத ஞாபகம் வெச்சிருக்காங்களான்னு தெரியல, நான் கேக்கல. அவங்க கிள்ளிக்கிட்டே சொல்லிக்கிட்டு போனாங்க. ஜிம்மி, தோட்டத்துல வேலைய மேக்கிற மண்டோர் வீட்டுக் கோழிய ரெண்டு புடிச்சுடுச்சு. ரெண்டாவது கோழி போனப்ப மண்டோர் பொஞ்சாதி செத்த கோழியோட வாசல்ல வந்து நின்னுச்சாம். அப்பா சாக்குல போட்டு வாயக் கட்டி, கப்சாய் மோட்டர்சைக்கிள் பின்னாடி வெச்சுக்கிட்டு செம்பனை ஆலையத் தாண்டிக் கொண்டு போயி விட்டுட்டு வந்தாரு. மூணாம் நாள் விடியக்காலை அம்மா பெரட்டுக்குக் கதவத் தொறக்கறாங்க, வாசல்ல படுத்திருக்கு, கால் பாதமெல்லாம் வெடிச்சு.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அன்னைக்கு சாயங்காலமே ஆத்துக்கு அந்தாண்ட கொண்டு போயிட்டாரு. மொத தடவ சாக்குல போடறதுக்குள்ள படாத பாடு பட்டாரு. ரெண்டாந் தடவ சாக்க விரிச்சு வெச்சாரு, அதுவா தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு உள்ள போயி படுத்துக்கிச்சு. தப்பு பண்ணிட்டோம்னு அதுக்கே தெரிஞ்சு போச்சு."

நான் அந்தத் தட்டையே பாத்துக்கிட்டு இருந்தேன். பதினாலு நாய், தின்பண்டம், திட்டு எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. கோழி போயி நாலு நாள் ஆகியிருக்கும் அதுக்குள்ள. அந்த நாய் கோழிய நெனச்சா தலையத் தொங்கப் போட்டுருக்கும்? அது பாத்தது அப்பா மூஞ்சிய, அப்பா கையில இருந்த சாக்க. ஆனா எங்கம்மா நாப்பது வருஷமா அந்த ஒரு விஷயத்தப் புடிச்சுக்கிட்டு இருந்திருக்காங்க, அதுக்குத் தெரியும், அதுவா ஒத்துக்கிட்டுத்தான் போச்சுன்னு. தோசை சுடும்போது என்ன அவ்வளவு வேகமா மறுத்தாங்களே, அது எனக்கு அப்பத்தான் புரிஞ்சுச்சு. நான் ஒண்ணும் சொல்லல. நெத்திலித் தலைய எடுத்து கோழிக்கூட்டுப் பக்கம் வீசிட்டு, "மணிக்கு முன்னாடி மொத்தம் எத்தன நாய்மா?"ன்னு மட்டும் கேட்டேன்.

மூணு. ஒண்ணு அடுத்த வீட்டு குசினியில பூந்து மீனத் தூக்குனது. ஒண்ணு தோட்டத்துக் கணக்கெழுதற கிராணி வீட்டுப் புள்ளையக் கடிச்சது, அது எங்க போச்சுன்னு அம்மா சொல்லல. மூணாவது ஜிம்மி. பொட்டைக் குட்டிங்க கணக்குலயே இல்ல, அதுங்கள வீட்டுக்கே கொண்டு வரமாட்டாங்க. நாலாவதா வந்ததுதான் மணி. கோழி மேஞ்சா கண்ண மூடிக்கிட்ட மணி, குசினிக்குள்ள கால் வைக்காத மணி. தோட்டத்துல நாங்க நாயப் பழக்கல, பொறுக்கியிருக்கோம். பொறுக்குனதுல மிஞ்சுனதப் பாத்து 'தானா பழகிச்சு'ன்னு நாப்பது வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கோம், நானும் எம் மகளுக்கு அதயே கதையாச் சொல்லியிருக்கேன்.

இத வெச்சு அப்பாவ நான் குத்தம் சொல்ல முடியாது. அவரு இருந்தா கேட்டிருப்பேனோ என்னமோ, இப்ப இல்ல. மண்டோர் வீட்டுக் கோழிங்கறது வெறும் கோழி இல்ல, மறுநாள் எந்த நெரைய வெட்டக் குடுப்பாங்கங்கிறது அதுல இருந்துச்சு. நாய்க்கு ஈரல் வெட்டிப் போட்டு இருபது நாள் கேட்டுல நிக்கறதுக்கு யாருக்கு நேரம் இருந்துச்சு. காசுக்கு என்ன பண்றது. அதுவும் இல்லாம, யாரும் ஒண்ணும் பழக்கலங்கிறதும் முழுசா உண்மை இல்ல. அடுத்த நாளே அதக் கண்ணால பாத்தேன். அம்மா மிச்சச் சோத்த எடுத்துக்கிட்டு பின்னாடி போனாங்க, கரண்டியால தட்டு விளிம்புல மூணு தட்டு தட்டுனாங்க, டக் டக் டக், கோப்பி வீட்டுக்கு முன்னால எங்கயோ இருந்தது பறந்து வந்துச்சு. நான் 'வா'ன்னு ரெண்டு மாசம் கத்துக் குடுத்தும் இவ்வளவு வேகமா வந்ததில்ல. தோட்டத்துல இதயேதான் பண்ணுவாங்க, தட்டுக்குப் பதிலா மரத்துல பால் புடிக்கிற மங்கு, பால்கத்தியோட பிடியால ஒரே மாதிரி மூணு தட்டு. தட்டின ஒடனே சோறு, ஒரு நாள்கூட மாறாது, வேற எதுக்கும் தட்ட மாட்டாங்க. ரெண்டு செகண்டுக்குள்ளன்னு டாக்டர் சொன்னது அம்மாவுக்கு அப்பவே தெரியும், பேருதான் தெரியாது. "இதுதான்மா ட்ரைனிங்கு"ன்னேன். "இது சோறு போடறது"ன்னாங்க.

கோப்பிய என்ன பண்றதுன்னு வீட்டுல யாரும் கேக்கல, கேட்டா என்ன பதில் வரும்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சோ என்னவோ. கூட்டுக்குக் கம்பி வலை மாத்துனேன், பின்கதவுக்கு தானா மூடுற ஸ்பிரிங் போட்டேன், மொத வேலை அதுதான், எந்தப் பாடமும் மூடுன கதவுக்கு ஈடாகாது. அதுக்கப்புறம் தெனம் சாயங்காலம் அஞ்சரைக்கு கயிறோட போயி கூட்டுலருந்து பதினஞ்சு அடி தள்ளி உக்காருவோம். அந்தத் தூரத்துல அது கோழியப் பாக்கும், காத நிமித்தும், ஆனா என்னையும் திரும்பிப் பாக்க முடியும். பாத்தா ஒரு துண்டு ஈரல். பக்கத்துல போயிட்டா அதுக்குக் காதே கேக்காது, ஈரல மூக்குல வெச்சாலும் தெரியாது, அப்ப நான் நாலு அடி பின்னால வந்துடணும். அதட்டுனா கோழின்னாலே நமக்கு ஏதோ கெட்டது நடக்கும்னு நெனச்சுக்கும், நான் இல்லாத நேரம் பாத்து அதத் தீத்துக்கும், சோபாவுக்குப் பின்னாடி பண்ண மாதிரி. வேட்டைப் புத்தி போயிடும்னு நான் சொல்லல, போகாதுன்னுதான் நெனைக்கிறேன், கோழியத் தனியா இது கைல விட்டுட்டு நான் என்னைக்கும் கடைக்குப் போகப் போறதில்ல.

மூணு வாரத்துல பதினஞ்சு அடி எட்டு அடி ஆயிருக்கு. நடுவுல ஒரு நாள் பத்துலருந்து மறுபடி பதினாலுக்குப் போச்சு, ஒரு உடும்பு சாக்கடையில ஓடி எல்லாத்தையும் கெடுத்துடுச்சு. அம்மா படியில உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பாங்க, ஈரல் விக்கிற வெலையச் சொல்லிக்கிட்டே. நேத்து நான் எட்டு அடின்னு செங்கல் வெச்சு அடையாளம் போட்டப்ப, "ஏழுக்கு வந்தா சொல்லு, குஞ்சு பொறிச்சிருக்கு, அதுங்கள உள்ள தூக்கி வெச்சுடறேன்"னாங்க.